கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ்: புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பட்டம் தரும் கல்லூரி) இரண்டு வருடம் கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது காவல், நீதிமன்றம், சிறை பற்றிய படிப்பை முடித்தால் போலீஸ் வேலை கையில் என்று நினைத்துச் சேருபவர்கள் நிறைய. அப்படி இல்லை. போலீஸ் உத்தியோகத்துக்கான தகுதியை நிர்ணயிப்பது அந்தந்த மாநிலத்தின் அமைப்பு. அதற்கு அகாடமிப் பயிற்சி தனி, எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் தனி, பின்னணி விசாரணை தனி. கலிஃபோர்னியாவில் அடிப்படை அகாடமிப் பயிற்சி மட்டுமே குறைந்தது 664 மணி நேரம். பல கல்லூரிகள் அகாடமியையும் அதே வளாகத்தில் நடத்துவதால் குழப்பம் வருகிறது. கல்லூரியில் இடம் கிடைத்தால் அகாடமியிலும் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை.

பட்டத்தால் கிடைப்பது வேறு. நான்கு வருடப் பட்டத்துக்கு மாறும் வழி அதில் ஒன்று. சில துறைகள் கேட்கும் கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) கணக்கை நிரப்பலாம். 911 அழைப்பு மையம், நீதிமன்ற அலுவலகம், சிறைத்துறை, தனியார் பாதுகாப்பு போன்ற இடங்களில் நுழையவும் உதவும். எந்த வேலை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். பாடத்தை எடுத்துவிட்டு வேலையைத் தேடுபவர்கள்தான் 60 கிரெடிட்டோடு நடுவழியில் நிற்கிறார்கள்.

முதல் படி: வேலையின் நிபந்தனைகளை எழுதிக்கொள்ளுங்கள்

மனதில் இருக்கும் மூன்று வேலைகளின் அறிவிப்புகளை இன்றே எடுத்து, வயது, குடியுரிமை, கல்வி, உரிமம் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். மினசோட்டா நெடுங்காலமாகப் போலீஸ் வேலைக்கு இரண்டு வருடப் பட்டத்தைக் கேட்டுவந்த மாநிலம். நியூயார்க் நகரப் போலீஸ் 60 கிரெடிட் கேட்டுக்கொண்டிருந்தது. 2025-ல் அதை 24-ஆகக் குறைத்தது. கலிஃபோர்னியாவில் குறைந்தபட்ச வயது 2022 முதல் 21. எஃப்.பி.ஐ. ஸ்பெஷல் ஏஜென்ட் ஆக நான்கு வருடப் பட்டம், குறைந்தது 23 வயது, முழுநேர வேலை அனுபவம், அமெரிக்கக் குடியுரிமை எல்லாம் வேண்டும். 37 வயது தொடுவதற்குள் நியமனம் ஆகியிருக்க வேண்டும். மத்திய அரசின் ஜி.எஸ். சம்பளப் படிநிலையில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு பொதுவாக ஜி.எஸ்.-4-க்குத் தகுதி, நான்கு வருடப் பட்டம் ஜி.எஸ்.-5-க்கு. சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் புரொபேஷன் அதிகாரி வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் நான்கு வருடப் பட்டம்தான் கேட்பார்கள்.

இரண்டாம் படி: விசா நிலையை மறைக்காமல் பாருங்கள்

இங்கேதான் பல குடும்பங்கள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. மத்திய அரசின் காவல் வேலைகள் எல்லாவற்றுக்கும், விமான நிலையச் சோதனை வேலைக்கும்கூட, கிரீன் கார்டு போதாது. மாநில, நகரப் போலீஸ் விதிகள் வேறு வேறு. கலிஃபோர்னியா 2023 முதல் குடியுரிமை நிபந்தனையை எடுத்துவிட்டு, சட்டப்படி வேலை செய்யும் அனுமதி இருந்தால் போதும் என்றது.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கலாம். ஆனால் சம்பளம் வாங்க முடியாது, அதனால் சம்பளத்தோடு வரும் இன்டர்ன்ஷிப்பும் கிடையாது. 21 வயதில் அந்த நிலையே முடிந்துவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்புக்கு நான்கு வருடப் பட்டமாவது வேண்டும் என்பதால் இரண்டு வருடப் பட்டத்துக்கு அது கிடைக்காது. இன்னொன்று: தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்கிறது. எனவே ஆயுதம் ஏந்திய தனியார் காவலர் வேலையும் அடிபடுகிறது. போலீஸ் கனவோடு எஃப்-1-ல் இந்தப் படிப்புக்கு வெளிமாநிலத்தவருக்கான கட்டணம் கட்டுவது வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. தடயவியல் அறிவியல், சைபர் பாதுகாப்பு பக்கம் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: பட்டத்தின் வகையைச் சரியாகப் பிடியுங்கள்

ஒரே கல்லூரியில் ஒரே துறை ஏ.ஏ., ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ். என்று மூன்று பெயர்களில் பட்டம் தரலாம். மூன்றும் சுமார் 60 கிரெடிட். முதல் இரண்டும் பெரும்பாலும் நான்கு வருடப் பட்டத்துக்கு மாறுவதற்காக அமைந்தவை. கணிதம், ஆங்கிலம், அறிவியல் போன்ற பொதுப் பாடங்கள் அதிகம். ஏ.ஏ.எஸ். நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு. துறைப் பாடங்கள் அதிகம், அவற்றில் பல பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படாமல் போகலாம். ‘பாடங்கள் சுவாரசியமாக இருக்கின்றன’ என்று ஏ.ஏ.எஸ். எடுத்துவிட்டுப் பிறகு மாற நினைப்பவர், பொதுப் பாடங்களுக்காக இன்னொரு வருடம் உட்கார நேரிடும்.

கலிஃபோர்னியாவில் ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற பெயரில் டிரான்ஸ்ஃபருக்கான தனிப் பட்டம் உண்டு. நிபந்தனைகளை முடித்தால் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. நீங்கள் கேட்ட வளாகத்தில்தான் என்று உறுதி இல்லை. நியூயார்க் நகரில் கியூனி (நகரப் பல்கலைக்கழகம்) நடத்தும் ஜஸ்டிஸ் அகாடமி திட்டம் மூலம் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, அதே பல்கலைக்கழகத்தின் நான்கு வருடக் கல்லூரியான ஜான் ஜேயில் முடிக்கலாம். மற்ற இடங்களில் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்வைசர் வாயால் சொன்ன உறுதி அட்வைசர் மாறும்போது போய்விடும். மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேரும் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதை மத்தியக் கல்வித்துறையின் இணையப் பட்டியலில் நீங்களே பாருங்கள். அதிக விளம்பரம் செய்யும் கல்லூரி என்றால் இரண்டு முறை பாருங்கள்.

எந்தக் கணிதப் பாடம் என்பதைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் புள்ளியியலை எடுங்கள். குற்றவியல் ஆய்வுகளைப் படிக்க அது வேண்டும். அல்ஜீப்ரா அவ்வளவாக வேண்டாம். சேரப்போகும் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

நான்காம் படி: பணம்

கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே இந்தப் பெயர்) 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. வெளிமாநிலத்தவருக்கும் எஃப்-1 மாணவருக்கும் இது பல மடங்கு. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். ‘நம் சம்பளத்துக்குக் கிடைக்காது’ என்று வீட்டில் முடிவு கட்ட வேண்டாம். மாநில உதவிகளும் கல்லூரி உதவிகளும் பல இடங்களில் இதே படிவத்தைத்தான் பார்க்கின்றன. 2025-26 கல்வியாண்டில் மத்திய அரசின் பெல் உதவித்தொகையின் உச்சம் 7,395 டாலர். இது கடன் இல்லை.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. செமஸ்டரின் 60 சதவீதம் முடியுமுன் எல்லா வகுப்புகளையும் விட்டு வெளியேறினால், வாங்கிய உதவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அது கட்டாமல் கிடந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். அடுத்தது, படிப்பில் முன்னேற்றம் காட்ட வேண்டும்: பொதுவாக 2.0 சராசரியும், எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தேறியிருப்பதும். ‘டபிள்யூ’ (பாடத்தை விட்டு விலகியதன் குறி) வாங்கி விலகுவது சராசரியைக் கெடுக்காது, ஆனால் இந்த இரண்டாவது கணக்கைக் கெடுக்கும்.

ஐந்தாம் படி: முதல் செமஸ்டர்

மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வகுப்பு, சுமார் ஆறு மணி நேரம் வீட்டு வேலை. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். இரவு ஷிஃப்ட் காவலர் வேலையோடு 15 கிரெடிட் எடுப்பவர்கள் பலர் நடுச் செமஸ்டரில் இரண்டு வகுப்புகளைக் கைவிடுகிறார்கள். வேலை செய்பவர் ஒன்பதில் தொடங்கட்டும்.

முதல் செமஸ்டரில் அறிமுகப் பாடம், ஆங்கிலக் கட்டுரைப் பாடம், கணிதம் மூன்றும் போதும். குற்றவியல் சட்டம், புலனாய்வு, சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்கு ஆங்கிலப் பாடம் முடித்திருந்தால் கை ஓடும். புத்தகத்தில் காசு மிச்சம் பிடிக்கப் பழைய பதிப்பு வாங்குவது மற்றப் பாடங்களுக்குச் சரி. சட்டப் பாடங்களுக்கு ஆபத்து. கைதானவரின் கைப்பேசிக்குள் பார்க்க வாரண்ட் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ரைலி வழக்கில் சொன்னது 2014-ல். அதற்கு முந்தைய பதிப்பைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதினால் பதில் தப்பாகத்தான் இருக்கும்.

அறிமுகப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சொற்களில். ஜெயில் பெரும்பாலும் கவுன்டியுடையது, விசாரணையில் இருப்பவர்களுக்கும் குறுந்தண்டனைக்காரர்களுக்கும்; பிரிசன் மாநில அல்லது மத்தியச் சிறை. புரொபேஷன் சிறைக்குப் பதிலாகத் தரப்படும் கண்காணிப்பு. பரோல் சிறையில் ஒரு பகுதி கழித்தபின். ராபரிக்கு ஆள் எதிரே இருக்க வேண்டும், பலமோ மிரட்டலோ இருக்க வேண்டும்; பர்க்லரி என்பது குற்றம் செய்யும் நோக்கத்தோடு கட்டடத்துக்குள் நுழைவது, அங்கே எதுவும் திருடாவிட்டாலும் குற்றம்தான். ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடியது பொதுவாக ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்.

புள்ளிவிவரக் கட்டுரை எழுதுபவர்கள் 2021-ஐத் தொடும்போது கவனமாக இருக்க வேண்டும். அந்த வருடம் எஃப்.பி.ஐ. குற்றத் தரவு சேகரிப்பில் முழுக்க நைபர்ஸ் என்ற புதிய முறைக்கு மாறியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரப் போலீஸின் தரவுகள் அதில் வரவில்லை. அந்த எண்ணை 2020-ஓடு ஒப்பிட்டுக் குற்றம் குறைந்தது என்று எழுதினால் பேராசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். போலீஸுக்கு வராத குற்றங்களுக்கு, வீடு வீடாகக் கேட்டு எடுக்கப்படும் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பைப் பாருங்கள்.

ஆறாம் படி: வழக்குச் சுருக்கம் எழுதப் பழகுங்கள்

சட்டப் பாடங்களின் முதுகெலும்பு இது. ஒரு பக்கத்தில் ஐந்து பகுதிகள்: நடந்தது, சட்டக் கேள்வி, தீர்ப்பு, காரணம், மாறுபட்ட கருத்து. டெர்ரி எதிர் ஒஹாயோ வழக்கை எடுத்துக்கொள்வோம்.

நடந்தது: 1963 அக்டோபர் 31, கிளீவ்லாண்ட். சாதாரண உடையில் இருந்த துப்பறிவாளர், இரண்டு பேர் மாறி மாறி நடந்து ஒரே கடையின் கண்ணாடி வழியே திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பதைக் கவனிக்கிறார். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று சந்தேகித்து நிறுத்தி, மேலாடையைத் தட்டிப் பார்க்கிறார், கைத்துப்பாக்கி கிடைக்கிறது. கேள்வி: கைது செய்யப் போதிய காரணம் இல்லாதபோது இப்படி நிறுத்தித் தட்டிப் பார்ப்பது, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறுகிறதா? தீர்ப்பு, 1968, எட்டுக்கு ஒன்று: மீறவில்லை. காரணம்: குற்றம் நடக்கப்போகிறது, ஆள் ஆயுதம் வைத்திருக்கலாம் என்று எண்ண, வெறும் உள்ளுணர்வு போதாது, வாயால் எடுத்துச் சொல்லக்கூடிய உண்மைகள் இருக்க வேண்டும். அப்போது ஆயுதத்தைத் தேடி மேலாடையைத் தட்டலாம். நீதிபதி டக்ளஸ் மட்டும் மாறுபட்டார்.

மாணவர்கள் சறுக்குவது எங்கே என்றால், நடந்ததை ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கேள்வியை அரை வரியில் முடிக்கிறார்கள். இல்லாவிட்டால் ‘போலீஸ் சந்தேகப்பட்டால் சோதனை போடலாம்’ என்று தீர்ப்பை அகலமாக்கிவிடுகிறார்கள். தேர்வில் வரும் கேள்வி எல்லையில்தான் இருக்கும்: தட்டும்போது ஆயுதம் இல்லை என்று தெரிந்தும் சட்டைப் பைக்குள் இருந்த பொருளை விரலால் உருட்டிப் பார்த்தால்? முடியாது என்று 1993-ல் டிக்கர்சன் வழக்கு சொல்கிறது. பாடத்தில் வரும் மற்ற உச்ச நீதிமன்ற வழக்குகளான மாப், கிடியன், பிரேடி, மிராண்டா, கார்னர், கிரஹாம் ஆகியவற்றையும் இதே அச்சில் எழுதி ஒரு கோப்பில் வைத்தால் இரண்டு வருடத்துக்கும் உதவும்.

ஏழாம் படி: ரிப்போர்ட் எழுதுதல்

இந்தப் பாடத்தைச் சுலபம் என்று நினைத்து ஆன்லைனில் எடுத்துத் தள்ளிவிடாதீர்கள். வேலைக்குப் போனபின் தினமும் கைக்கு வருவது இதுதான். வழக்கறிஞர் பிடித்துக்கொள்வதும் இதைத்தான்.

‘அந்த ஆள் குடித்துவிட்டுக் கோபமாக இருந்தார்’ என்பது முடிவு, பார்த்தது அல்ல. பார்த்ததை எழுதினால் இப்படி வரும்: ‘நான் அவரிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றேன். அவர் பேசும்போது மது வாடை வந்தது. கண்கள் சிவந்திருந்தன. என் பெயரை மூன்று முறை கேட்டார். வலது கையை மடக்கி மேஜையில் இரண்டு முறை குத்தினார்.’ முடிவைப் படிப்பவரே எடுத்துக்கொள்வார்.

தன்மையிலும் (‘நான்’ என்று) இறந்த காலத்திலும் எழுதுங்கள். ‘கைவிலங்கு மாட்டப்பட்டது’ என்று எழுதினால் மாட்டியது யார் என்ற கேள்வி ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் வரும். பதில் உங்கள் நினைவில் இருக்காது. நேரத்தை 24 மணி நேர முறையில் போடுங்கள், 19:40 என்பதில் குழப்பமில்லை. தேதியில் மாதம்தான் முதலில். நாளை முன்னால் எழுதிப் பழகியவர்கள் 03/04 என்று எழுதி ஏப்ரல் 3-ஐ மார்ச் 4 ஆக்கிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஒருவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதும்போது மட்டும் மேற்கோள் குறி. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் நாகரிகப்படுத்தக் கூடாது.

எட்டாம் படி: பின்னணிக் கோப்பை முதல் நாளிலேயே தொடங்குங்கள்

போலீஸ் விண்ணப்பத்தோடு வரும் தன்விவரப் படிவம் பல பக்கம் நீளும். மத்திய அரசின் பின்னணி விசாரணைக்கான எஸ்.எஃப்.-86 படிவம் பத்து வருட முகவரிகளையும் வேலைகளையும் கேட்கும். வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர்களையும் கேட்கும். ஊரில் உறவினர் இருப்பது குற்றமில்லை; விடுபட்டால்தான் கேள்வி. ஒரு கோப்பில் குடியிருந்த முகவரிகள், தேதிகள், மேலாளர் பெயர்கள், வாங்கிய எல்லா டிராஃபிக் டிக்கெட்டுகள் (அபராதம் கட்டி முடித்தவையும்), பயணத் தேதிகள் என்று சேர்த்துவாருங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்றிருக்கும். இதுவரை பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் ‘வேறு பெயர்கள்’ கட்டத்தில் எழுதுங்கள். கைரேகைச் சோதனை முடிவு ஒரு பெயரிலும் விண்ணப்பம் இன்னொரு பெயரிலும் இருந்தால் கோப்பு மாதக்கணக்கில் தேங்கும். 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் ஆண்கள், கிரீன் கார்டுக்காரர்கள் உட்பட, செலக்டிவ் சர்வீஸில் (கட்டாய ராணுவ சேவைக்கான பட்டியல்) பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டால் மத்திய வேலை கைநழுவும்.

கஞ்சா பற்றி ஒரு வார்த்தை. மாநிலத்தில் சட்டப்படி கிடைத்தாலும் மத்தியச் சட்டத்தில் அது குற்றம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு விஷயம் இன்னும் பெரியது. அதோடு தொடர்பு இருந்தால் குடியுரிமை விண்ணப்பமே மறுக்கப்படலாம். அப்படி ஏதாவது இருந்தால் எந்தப் படிவத்தையும் நிரப்புமுன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பழைய தப்பைவிட அதை மறைத்த பொய்தான் பலரைத் தோற்கடிக்கிறது. அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 1963-ன் பிரேடி, 1972-ன் ஜிக்லியோ தீர்ப்புகளின்படி, சாட்சி சொல்லும் அதிகாரியின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் தகவலை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும். பொய் சொன்னதாகப் பதிவான ஒருவரைக் கூண்டில் ஏற்ற எந்தத் துறை விரும்பும்? கல்லூரியில் காப்பியடித்துச் சிக்கியதும் இதே கணக்கில் வரும். மற்றத் துறை மாணவருக்கு அது ஒரு ‘எஃப்’ (தோல்வி) கிரேடு. உங்களுக்கு வேலையே போகலாம்.

ஒன்பதாம் படி: பாதுகாப்புத் துறைப் பக்கம்

படிக்கும்போதே சம்பாதிக்க நல்ல வழி தனியார் பாதுகாப்புக் காவலர் உரிமம். கலிஃபோர்னியாவில் 18 வயது, கைரேகைச் சோதனை, உரிம கார்டு வாங்குமுன் 8 மணி நேரப் பயிற்சி; பிறகு ஆறு மாதத்துக்குள் 32 மணி நேரம், அதில் 16 முதல் 30 நாளில். நியூயார்க்கில் முதலில் 8 மணி நேரம், வேலையில் சேர்ந்து 90 நாளுக்குள் 16 மணி நேரம், பிறகு வருடம்தோறும் 8. ஆளில்லாத கட்டடத்தில் இரவு ஷிஃப்ட் கிடைத்தால் படிக்க நேரம் கிடைக்கும். மருத்துவமனை ஷிஃப்ட் கிடைத்தால் ரிப்போர்ட் எழுதும் பயிற்சி கிடைக்கும். எங்களைக் கேட்டால் இரண்டாவது.

மத்திய அரசின் அவசரநிலை மேலாண்மை அமைப்பான ஃபீமா ஆன்லைனில் தரும் ஐ.எஸ்.-100, ஐ.எஸ்.-700 வகுப்புகள் இலவசம், ஒவ்வொன்றும் சில மணி நேரமே. அவசரநிலை மேலாண்மை பக்கம் போகிறவர்கள் முதல் விடுமுறையிலேயே முடித்துவிடலாம். 1955-ல் தொடங்கிய, பாதுகாப்புத் துறையினருக்கான ஏசிஸ் அமைப்பில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்தால் உள்ளூர்க் கூட்டங்களுக்குப் போகலாம்; அதன் சான்றிதழ்களுக்கு வேலை அனுபவம் வேண்டும் என்பதால் இப்போது அவசரமில்லை.

பாதுகாப்புப் பாடத்தில் ஒரு கட்டடத்தை ஆய்வு செய்யும் பயிற்சி கட்டாயம் வரும். எல்லோரும் ‘இன்னும் பத்துக் கேமரா’ என்று முடிப்பார்கள். எந்த ஆபத்துக்கு என்று சொல்லாத கேமராவுக்கு மதிப்பெண் கிடையாது. முதலில் காக்க வேண்டிய பொருள், பிறகு யாரால் ஆபத்து, பிறகு இப்போதிருக்கும் தடுப்பு எத்தனை நிமிடம் தாங்கும், உதவி வர எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். பூட்டை உடைக்க இரண்டு நிமிடம், காவலர் வர ஏழு நிமிடம் என்றால் கேமரா பதிவு மட்டுமே செய்யும். கட்டட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பூட்டையும் கதவையும் படம் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள். உங்கள் மேலேயே புகார் போகும்.

பத்தாம் படி: கடைசி இரண்டு செமஸ்டர்

ரோந்து வண்டியில் கூடப் போய்ப் பார்க்கும் ரைட்-அலாங் அனுமதிக்குப் பல வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். பின்னணிச் சோதனையும் பொறுப்புத் துறப்புக் கையெழுத்தும் உண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு செமஸ்டர் முன்னதாகவே பேசுங்கள், கைரேகை முடிவு வரும்வரை உள்ளே விட மாட்டார்கள். போலீஸ் தேர்வு முறை முடிய மாதக்கணக்கில் ஆகும். பட்டம் கையில் வந்தபின் தொடங்கினால் அத்தனை மாதமும் வீட்டில்தான்.

எல்லாப் பாடங்களின் சிலபஸையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். பல்கலைக்கழகம் ஒரு பாடத்தை ஏற்க மறுத்தால் வாதாட அதுதான் ஆதாரம். பல கல்லூரிகளில் 60 கிரெடிட் முடித்தாலும் பட்டம் தானாக வராது, கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலேயே பட்டத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கும் முந்தைய செமஸ்டரில் ஒருமுறை அட்வைசரோடு உட்கார்ந்து பட்டத் தணிக்கை அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். குறைவது ஒரே ஒரு உடற்பயிற்சி கிரெடிட்டாக இருந்தாலும் அதை எடுக்க அப்போது நேரம் இருக்கும்.